அஞ்சலையக்கா திருடப் பழக்கிய கை

போன செவ்வாய்க்கிழமை ரப்பர் பால் வாளியை நிறுவைக்கு வைத்தேன். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வந்தார். “ஆயாக் கொட்டகை அஞ்சலை காலையில தவறிட்டாங்கப்பா.”

“அப்ப என்னை யாரு ஏசுவாங்க?” என்று கேட்டேன். கேட்டபின்தான் அழுகை வந்தது.

மலேசியாவில் பெக்கோக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவரிடம் வளராத பிள்ளை இல்லை. நாங்கள் பாலெடுக்க மரம் வெட்டப் போனால் அத்தனை வாண்டுகளையும் கொட்டகையில் வைத்து மேய்த்தவர் அவர். “இந்தக் குரலுக்கு யானையே படுத்துக்கும்” என்பேன். “நீ நிக்கிறியேடா” என்பார்.

என் மகள் செல்லம்மாவுக்கு நான்கு வயதில் காய்ச்சல் வந்தது. விட்டபோது வலது கை, கால் துவண்டுவிட்டன, வாயும் கோணியது. பேய் என்றார்கள் சிலர். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டி அடைத்திருக்கிறது என்றார். கிழவனுக்கு வருகிற வாதம் பச்சைப் பிள்ளைக்கும் வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கால் மெல்லத் தேறியது, வாயும் நேரானது. கை மட்டும் துணி போலத் தொங்கியது. சோறு அள்ளாத கையோடு இவள் எப்படிப் பிழைப்பாள் என்பதே எனக்கு ஓயாத கவலை.

ஒருநாள் கொட்டகைக்குள் நுழைந்தால், அவளுடைய நல்ல கையைச் சேலைத் துணியால் இடுப்போடு கட்டி வைத்திருக்கிறார் அக்கா! எனக்கு ரத்தம் கொதித்தது.

“இருக்கிறது ஒத்தக் கை. அதையும் கட்டிட்டீங்களேக்கா!”

“இனிப்புப் பால் டின்னுல விரல விட்டு நக்குறா. திருடுற கையத்தானே கட்டணும்? சும்மா இருக்கிற கையக் கட்டி என்னடா செய்ய?”

நான் வாயைத் திறக்குமுன் பலகை மேல் ஏதோ உரசியது. திரும்பினோம். செத்த கை என்று நாங்கள் கைவிட்ட வலது கை, நண்டு போல ஊர்ந்து டின்னைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“அலமாக்! ஐயையோ, இதுவும் திருடுதுடா!” என்று அக்கா கத்தினார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தினமும் கொஞ்ச நேரம் அந்தக் கட்டு. டின் மட்டும் ஒரு சாண் தள்ளிப் போகும். எட்டித் தொட்டால் ஒரு நக்கு, எட்டாவிட்டால் ஓர் ஏச்சு. வருஷம் திரும்புவதற்குள் என் மகள் அந்தக் கையாலேயே சோறு பிசைந்தாள். “பெரிய டாக்டரம்மா நீங்க” என்று சீண்டினால், “நான் வைத்தியமா பண்ணேன்? களவு கத்துக்குடுத்தேன்” என்பார்.

சுண்டுவிரல் இன்றும் நிமிராது. அக்காவுக்கு வாய்க்கரிசி போடச் செல்லம்மா அந்தக் கையால்தான் அள்ளினாள். பாதி அரிசி தரையில் சிந்தியது. ‘சிந்தாம திருட இன்னும் வரலையேடி’ என்று அக்கா ஏசுவது காதில் கேட்டு, அத்தனை பேர் நடுவில் சிரித்துவிட்டேன். மன்னியுங்கள். அந்த ஏச்சும், தினமும் எனக்குச் சோறு போடுகிற என் மகளின் அந்தக் கையும் அவர் எனக்கு விட்டுப்போனவை.