உடும்புப் பெட்டிக்குப் பொரிக்கடை மணல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். ஐம்பதுகளில் ஒரு மார்கழி மாதம், சந்தைகளில் தைலம் விற்கும் வைத்தியர் ஒருவரிடம் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் இரண்டு வேளைச் சாப்பாடு. வேலை, அவர் வளர்த்த உடும்பைச் சூடாக வைத்திருப்பது.

கீழே கிருஷ்ணகிரி வெயிலில் அது நாக்கை நீட்டும், வாலை வீசும். பார்க்கக் கூட்டம் சேரும். ஓசூர்க் குளிரில் தகரப் பெட்டிக்குள் கட்டையாகக் கிடந்தது.

"யோவ் வைத்தியரே, செத்ததைக் காட்டி மூட்டுவலித் தைலம் விக்கறியா?" என்று சந்தையில் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்துவிட்டுக் கத்தரிக்காய் வாங்கப் போனார்கள்.

வைத்தியர் என்னைப் பார்த்தார். "அடுத்த சந்தைக்குள்ள அது அசையணும்டா. இல்லன்னா அதுவும் வேணாம், நீயும் வேணாம்."

கரி நெருப்பு வைத்தேன். பெட்டி ஒரு பக்கம் கொதித்தது, மறுபக்கம் சில்லிட்டுக் கிடந்தது. பிறகுதான் பொரி வறுக்கும் மணல் நினைவுக்கு வந்தது. அடுப்பை அணைத்த பிறகும் அது வெகுநேரம் சுடும். பொரிக்கடை அக்காவிடம் போனேன். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம் பேசுகிறவர்.

"பத்து வருசம் பழகின மணல். விடிஞ்சதும் திரும்ப வந்துடணும். எதுக்குப்பா உனக்கு?"

"உடும்புக்குக்கா."

கொஞ்ச நேரம் கன்னடத்தில் பேசினார். பிறகு கொடுத்தார்.

தினமும் சாயங்காலம் மணலைப் பெட்டியில் கொட்டி, சாக்கை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே உடும்பைக் கிடத்தினேன். காலையில் மணல் வாணலிக்குத் திரும்பியது. அதில் வறுத்த பொரியைத்தான் நானும் தின்றேன்.

"மணல்ல நாத்தம் அடிக்குதே," என்றார் அக்கா.

"சலிச்சுத்தான் கொண்டாந்தேன்க்கா."

உடும்பு கண்ணைத் திறந்தது. அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. சந்தையன்று காலையில் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த மணலில் பாதியைக் கெஞ்சி வாங்கினேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் சாக்கை ஒற்றையாகப் போட்டேன்.

கூட்டத்தின் நடுவே வைத்தியர் மூடியைத் திறந்தார். உடும்பு அவர் தோளில் ஏறி இறங்கி, மாட்டு வண்டிகளுக்கு அடியில் புகுந்து, ஏரிப் பக்கம் போய்விட்டது.

வைத்தியர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஓட்டத்தைப் பாத்தீங்களா? நேத்து வரைக்கும் அதுக்கும் மூட்டுவலி."

தைலம் முழுவதும் விற்றுப்போனது. உடும்பைத் தேடினோம், கிடைக்கவில்லை. நான் என் துணியைச் சுருட்டினேன்.

"எங்கடா கிளம்பிட்ட? சூளகிரிச் சந்தைக்கு மணல் யாரு கொண்டாருவா?"

"உடும்பு இல்லீங்களே."

"பெட்டி இருக்குதில்ல?"

சூளகிரிக்குப் போகும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். குளிருக்கு இதமாக இருந்தது. சந்தையில் வைத்தியர் மூடியைத் திறக்கவில்லை. "திறந்தா குளிர் தாங்காதுங்க. தொட்டுப் பாருங்க, உசுருச் சூடு." தொட்டார்கள். வாங்கினார்கள்.

தை பிறக்கும் வரை அந்தக் காலிப் பெட்டியைச் சூடாக வைத்திருந்தேன். சாப்பாடு ஒரு வேளையும் தவறவில்லை.

ஒருநாள் அக்கா மணலை முகர்ந்து பார்த்தார். "இப்ப நாத்தமே இல்லையே. குளிப்பாட்டறியா?"

"ஆமாங்க்கா."

"நல்லா பாத்துக்கற. இந்தா, அதுக்குப் போடு," என்று ஒரு கை பொரி அள்ளிக் கொடுத்தார்.

அதையும் நானே தின்றேன்.