வாடை வருதா?

"மோந்து பாருங்க மக்சிக், பெலாச்சான் வாடை கொஞ்சமாவது வருதா?" என்று மேயர் என்னை மலாயில் அத்தை முறை சொல்லிப் பெருமையாகக் கேட்டார். தான் பிறந்த மீனவக் கிராமமான இந்தக் கம்பத்தையே சுற்றுலா விடுதியாக மாற்றியவர் அவர். திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார். பெலாச்சான் என்ற புளித்த இறால் விழுதின் வாடை வரவில்லை. சமையற்கட்டிலிருந்து சோறு வேகும் மணம்தான் வந்தது.

ஜப்பான்காரன் காலத்தில், நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் எங்களுக்கு மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். பொங்கலுக்காவது ஒரு படி அரிசி வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா சைக்கிளை மிதித்து இந்தக் கம்பத்துக்கு வந்தார். மேயரின் தகப்பனார் அப்போது இங்கே வலை வீசிக்கொண்டிருந்தார். அவரிடம் கள்ள அரிசி இருந்தது; பிடிபட்டால் தலை தப்பாது. அவர் அரிசிப் பையைக் கூடையின் அடியில் வைத்து, பெலாச்சானுக்காக ஊறவைத்திருந்த கூனி இறாலை அதன்மேல் கொட்டிக் கொடுத்தார். பாலத்துக் காவலில் நின்ற ஜப்பான் சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் போகச்சொல்லிக் கையை ஆட்டினானாம்.

அம்மா அந்த அரிசியை ஏழு முறை களைந்தாள். வாடை போகவில்லை.

"இதையா சாமிக்குப் படைக்கப் போறே?" என்றார் அப்பா.

"சாமிக்கும் இது ஜப்பான்காரன் காலந்தாங்க" என்று சொல்லி அம்மா பானையை அடுப்பில் ஏற்றினாள்.

மேயர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"வரல தம்பி. உங்கப்பா கூடையில அந்த வாடை இல்லன்னா எங்கப்பா அன்னைக்குப் பாலத்தத் தாண்டியிருக்க மாட்டாரு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, அடுத்த விருந்தாளியிடம் அதே கேள்வியைக் கேட்கப் போனார்.