தோளுக்குப் பின்னால் காளிமுத்து

குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலை அரைக்கும் யந்திரத்தைக் கவனித்துவந்தவன் ராஜரத்தினம். அகன்ற உடம்பு. மெரூன் ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் குளிக்கும்போது மட்டுமே கழற்றுவான். பாட்டுக் கச்சேரி என்றால் சோற்றையும் மறப்பான். அவனுக்கு நேர்ந்த இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதன்று.

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம் அது. விடுப்புக் கேட்டவனுக்கு மறுநாள் வேலை இராது. ஆயினும் கோடை விழாவுக்கு ஊட்டி போகவேண்டும். வேலையிழந்திருந்த பக்கத்து வீட்டுக் காளிமுத்துவிடம் ஸ்வெட்டரையும் குல்லாவையும் நீட்டினான்.

“கை நீளமா இருக்கே அண்ணே.”

“மடிச்சு விட்டுக்க. குல்லாவை எறக்கிட்டா சூப்பர்வைசருக்கு நீதான் நான்.”

“தொப்பைக்கு எங்க போறது?” காளிமுத்து சிரித்துக்கொண்டே மாலை வேலைக்குப் போனான்.

ஊட்டி சேரிங் கிராஸில் விளக்குகள் எரிந்தன. மேடையில் பாட்டு. வீதியோரம் ஓவியர்கள். ஒருவர் முன் ராஜரத்தினம் அமர்ந்தான்.

“ஏனுங்க, கூட வந்தவரைச் சித்தெ தள்ளி நிக்கச் சொல்லுங்க. வெளிச்சம் மறைக்குது.”

திரும்பினான். யாருமில்லை…

வறுபட்ட தேயிலை வாசம் மட்டும் வந்தது.

பாட்டு உச்சத்துக்கு ஏறியது. அதனடியில் வேறோர் ஓசை. கடகட… கடகட…

நின்றது.

“அவரையுஞ் சேர்த்தே வரைஞ்சுட்டேனுங்க.”

படத்தில், அவன் தோளுக்குப் பின்னால், குல்லா. காளிமுத்துவின் முகம். வலக்கை முழங்கையோடு முடிந்திருந்தது.

“கை… எங்கே?”

“இருந்தா வரைஞ்சிருக்க மாட்டனுங்களா?”

பஸ் பிடித்து ஓடிவந்தான். தொழிற்சாலை வாசலில் கூட்டம். மடிப்பு அவிழ்ந்த ஸ்வெட்டர் கையை யந்திரம் இழுத்துவிட்டதாம். உயிர் அங்கேயே போயிற்றாம். மேடையில் பாட்டு உச்சத்துக்கு ஏறிய அதே வேளை.

சூப்பர்வைசர் டக்ளஸ் அவனை ஒதுக்குப்புறம் இழுத்தார். “தேயிலை திருட வந்தவன்னு போலீஸ்ல சொல்லியாச்சு. ஸ்வெட்டர் களவு போச்சுன்னு மட்டும் நீ சொல்லு. நம்ம ரெண்டு பேர் வேலையும் பொழைக்கும்.”

ராஜரத்தினம் சரியென்று தலையசைத்தான்.

படியில் காளிமுத்துவின் மனைவி தெய்வம்மா அமர்ந்திருந்தாள். போவோர் வருவோரிடமெல்லாம், “அவரு திருடன் இல்லைங்க” என்றாள். ஒருவரும் நிற்கவில்லை. இவனைக் கண்டதும் எழுந்தாள்.

“அண்ணே, அது உங்க ஸ்வெட்டருதானே? அவருக்கு எப்படி வந்துச்சு?”

டக்ளஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தாம்மா குடுத்தேன். எனக்குப் பதிலாத்தான் வந்தான். ஸ்டேஷன்லயும் அதையே சொல்லப்போறேன்.”