முதல் கட்டத்தில் நின்ற அப்பா

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பிரெஞ்சு கேம் கார்ட்ரிட்ஜ் என் பழைய ஜப்பான் கன்சோலில் நேராகப் பொருந்தாது. அடாப்டரில் செருகினேன், கழற்றினேன், துடைத்து மறுபடி செருகினேன். தட்டில் சோறு ஆறிப்போன பிறகுதான் திரையில் படம் வந்தது.

கார்ட்ரிட்ஜில் மூன்று பேருடைய ஆட்டத்துக்குத்தான் இடம்; புதிதாக ஆட, அதை முன்பு வைத்திருந்த வீட்டில் ஆடிய மூவரில் ஒருவருடைய பதிவை அழிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் கடைசிக் கட்டம்வரை போயிருந்தார்கள். மூன்றாவது பெயர், பிரெஞ்சில் ‘அப்பா’.

“அவரு முதல் கட்டத்தையே தாண்டல, அவர அழிச்சிடுப்பா,” என்றாள் ட்யூஷன் பையோடு நின்ற மகள்.

மனசு வரவில்லை. பிள்ளைகள் கூப்பிட்டு ஒருமுறையாவது உட்கார்ந்த மனுஷன். என் மகள் என்னை ஆடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தே போயிருந்தாள்.

“அவரு விட்ட எடத்துலேருந்து ரெண்டு பேரும் ஆடலாம், வரியா?” என்றேன்.

“லேட்டாயிடுச்சுப்பா. வந்து ஆடறேன்.”

அணைத்தால் மறுபடி படம் வருமோ, வராதோ. அவள் திரும்பும்வரை கன்சோலை அணைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.