தண்ணீர் குடிக்கும் கூந்தல்

முடி பொசுங்கும் வாசனையை நான் முதன்முதலில் அறிந்தது என் தலையிலிருந்துதான். அப்போது எனக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் விட்டு மழையிலும் பனியிலும் நனைந்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்வேன். அப்பா அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு, என்னை முதுகு காட்டி உட்கார வைப்பார். பின்னலை அவிழ்த்து, தணலுக்கு மேலே முடியைத் தூக்கிப் பிடித்து, பிரித்துப் பிரித்துக் காய வைப்பார். சூடு பிடரியில் ஏறும். "சுடுதுப்பா" என்றால், "கொஞ்சம் பொறுத்துக்க ஆயி, ஈரம் போயிரட்டும்" என்பார். நுனிகள் பொரிகிற சத்தம்கூடக் காதில் விழும். அதற்குப் பிறகு சீப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கழுத்து விறைத்துக்கொள்கிறது.

தலவாக்கலைக்கு மேலே, பஸ் வராத ஒரு தோட்டத்தில் இருந்தோம். எனக்கு நாலு வயதிருக்கும்போது அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடிகளைக் கத்தியால் கழித்துவிடும் வேலை அது. ஆண்களுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும் என்பதால், நான் வரும்போது அவர் வீட்டில் இருப்பார். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னவர்களுக்கு அவர் பிடி கொடுக்கவில்லை. சோறு ஆக்கினார், என் பாவாடையைத் தைத்தார். என் தலைமுடி ஒன்றுதான் அவர் கைக்கு அடங்கவில்லை.

அது ஒரு விசித்திரமான முடி. மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குனிந்ததும் பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போகும். காய்ந்துவிட்டால் அதில் ஈரம் இருந்த அடையாளமே தெரியாது. வைக்கோலாக நிமிர்ந்து நிற்கும். குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெயை உருக்கி, நெற்றியில் வழிய வழியத் தேய்த்து அனுப்புவார் அப்பா. இரண்டாம் பாடம் முடிவதற்குள் அந்த எண்ணெய் எங்கே போனதென்று தெரியாது. எண்ணெய் நிற்காததற்கு அழுக்குதான் காரணம் என்று நினைத்தாரோ என்னவோ, துணி துவைக்கிற சவுக்காரத்தைப் போட்டுத் தேய்ப்பார். பிறகு அடுப்பு. பிறகு உச்சியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாகச் சீப்பு. அவர் எவ்வளவுக்கெவ்வளவு பாடுபட்டாரோ, அவ்வளவுக்கவ்வளவு முடி கெட்டது.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டீச்சர் ஒருவர் இருந்தார். நன்றாகப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். ஆனால் காலையில் என்னைக் கண்டதும் அவர் முகம் சுருங்கும். "என்ன பிள்ளை, இண்டைக்கும் தலை இழுக்கேல்லையோ?" என்று கேட்பார். அரைமணி நேரம் அழுது அழுது சீவி இழுத்த தலை அது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? பிள்ளைகள் சிரிப்பார்கள். தாயில்லாத பிள்ளை என்று யாராவது முணுமுணுப்பார்கள். அப்பாவின் காதுக்கு எட்டாத இடத்தில் அவருக்கு விழுந்த ஏச்சுகளையெல்லாம் நான்தான் வாங்கிக்கொண்டேன்.

நான்காம் வகுப்பில் இருந்தபோது, கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வரவேற்புப் பாட்டுக்கு ஆறு பெண்களை டீச்சர் தேர்ந்தெடுத்தார். முதல் அடியைத் தனியாக எடுத்துக்கொடுக்க வேண்டியவள் நான். விஷயத்தைச் சொன்னதும் அப்பா கினிகத்தேனைப் பக்கம் போய் வந்த ஒருவரிடம் சொல்லி விளக்கெண்ணெய் வாங்கினார். செம்பருத்தி இலையை அரைத்துப் பூசினார். கஞ்சித் தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் தவறாமல் அடுப்பில் காட்டினார். வருகைக்கு முந்தின நாள் டீச்சர் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். என் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ பின்னுக்கு நிண்டு பாடு. குரல் கேட்டால் காணும்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். கூரையில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன். பின்னலை இடது கையில் முறுக்கிப் பிடித்துக் காதுக்குக் கீழே வைத்து அறுத்தேன். கூரான கத்திதான், ஆனாலும் இரண்டு மூன்று இழுப்பு தேவைப்பட்டது. அப்பா வாளியோடு உள்ளே வந்தபோது பின்னல் என் மடியில் கிடந்தது.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் கத்தியை வாங்கி வைத்தார். என் கழுத்தையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கயும் வெட்டிக்கலையே?" என்றார். நான் கத்தினேன். "நீங்கதான் கெடுத்தீங்க! சுட்டுச் சுட்டு நீங்கதான் கெடுத்தீங்க!" அவர் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்த அத்தை வந்தாள். அம்மாவோடு தேயிலைக் கொழுந்தெடுத்தவள். என்னைத் தன் காம்பராவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். "ஒங்க அம்மா தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, காயறதுக்குள்ள வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்கு ஓடுனா. அன்னைக்குப் பூரா மழை. நெஞ்சுல சளி கட்டி, எட்டே நாளு. ஈரத் தலையோட ஓடுனதாலதான் போனான்னு ஒங்க அப்பா இன்னமும் நெனச்சிக்கிட்டு இருக்காரு. ஒன் தலையில ஈரம் இருந்தா அவருக்கு ஒரு வேலையும் ஓடாதுடி."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒங்க அம்மாவுக்கும் இதே முடிதான். அவ அனலே காட்ட மாட்டா. பழைய வேட்டியில ஒத்தி எடுத்து, ஈரம் இருக்கறப்பவே எண்ணெய தடவி, நுனியிலேர்ந்து வெரலால சிக்கெடுப்பா."

"தெரிஞ்சும் ஏன் அத்தை சொல்லல?"

"ஒத்த ஆளா புள்ள வளக்குற மனுசன்கிட்ட, நீ செய்யறது தப்புன்னு எப்புடிச் சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு சுவர்தான் நடுவில். நாலு வருடம் என் அழுகையை அந்தச் சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். மரியாதை பார்த்துப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. ஏறுக்குமாறாக இருந்த முடியைக் கத்தரியால் சமமாக்கி, என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். கங்காணி முன்னால்கூடக் குரல் எழும்பாதவர், டீச்சரிடம் போய் நின்றார். "புள்ள முன்னால நிக்கட்டுங்க" என்றார். டீச்சர் என் குட்டை முடியைத் தொட்டுப் பார்த்தார். "ஆர் வெட்டினது?" என்று கேட்டார். என்னை முன்வரிசையில் நிறுத்தினார். நான்தான் அடியெடுத்துக் கொடுத்தேன். நன்றாகத்தான் பாடினேன். ஆனால் முன்னால் நிற்பதற்கு முடியை அறுக்க வேண்டியிருந்ததே என்ற எரிச்சலில் எனக்கு அந்தக் கைதட்டல் இனிக்கவில்லை.

முடி திரும்ப வளர்ந்தது. அத்தை அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவர் அதற்குப் பிறகு என்னை அடுப்பின் முன் உட்கார வைக்கவில்லை. வேட்டித் துணியில் முடியைச் சுற்றிக்கொண்டு நான் இருப்பேன். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், வாசல்வரை போவார், திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்ப்பார். தலை காய்வதற்கு இரண்டு மணி நேரமாகும். அந்த இரண்டு மணி நேரமும் அவரால் ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை. ஈரத்தால் ஒன்றும் வராது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரிடம் கத்தியதற்கு நானும் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

போன மாதம் என் மருமகள், தன் மகளின் தலைமுடிக்காகக் கைப்பேசியில் எதையோ தேடி எனக்கும் வாசித்துக் காட்டினாள். இழைகளில் நுண்துளைகள் அதிகமுள்ள முடியாம், தண்ணீரைச் சட்டென்று இழுத்து, சட்டென்று விட்டுவிடுமாம், சூடு ஆகாதாம், ஈரத்தின் மேலேயே எண்ணெய் பூச வேண்டுமாம். அரை நிமிடத்தில் வாசித்து முடித்துவிட்டாள். அந்த அரை நிமிடம் அப்பாவுக்குக் கிடைக்கவில்லையே என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்குச் சின்ன வயசுல யாரு மாமி தலை பார்த்தாங்க?" என்று கேட்டாள்.

"அப்பா."

"பாவம், அவருக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காதே."

தெரிந்ததையெல்லாம் செய்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். அது சரியில்லை என்று பட்டது. தெரியாததையும் சேர்த்துத்தான் செய்தார்.