பாறசாலையில் யார் வீட்டிலும் மரநாய் இல்லை

இந்த ஜூலையில் ஒரு சனி, ஞாயிறு பாறசாலைக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, மரநாயின் எச்சம் பொறுக்க. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்குப் பழகிவிட்டது. பாலூட்டிகளின் மரபணுவைப் படித்து, எந்த இனம் எப்போது எதிலிருந்து பிரிந்தது என்று கண்டுபிடிப்பது என் தொழில். சொந்தக்காரர் கல்யாணங்களில் இதையெல்லாம் விளக்கி முடித்தால், "அது சரி, பர்மனென்ட் எப்போ?" என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

பர்மனென்ட் இல்லை என்பதுதான் இந்தப் பயணத்துக்கே காரணம். பெங்களூர் ஆய்வகத்தில் என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. நெய்யாற்றின் இரு கரையிலும் உள்ள மரநாய்கள் ஒரே வம்சமா, இல்லை ஆறு அவற்றைப் பிரித்துவைத்திருக்கிறதா என்பது என் ஆய்வு. ஆற்றுக்கு வடக்கே நெய்யாற்றின்கரைப் பக்கம் மாதிரிகள் கிடைத்தன. தெற்கே அம்பூரி மலையிலும் கிடைத்தன. தெற்கே சமவெளியில், அதாவது பாறசாலைப் பக்கத்தில், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "இருக்கிறதை வைத்து எழுதி முடிம்மா" என்றார் ஆய்வுத் தலைவர். முடியாது என்றேன். புலி, யானை என்று போயிருந்தால் பணமும் பேரும் வந்திருக்கும். ஓட்டுக்கூரைக்கு அடியில் மச்சில் குடியிருக்கிற ஒரு பிராணியைப் பத்து வருஷம் துரத்திவிட்டு, அரைகுறைக் கட்டுரையோடு அடுத்த வேலைக்கு எந்த முகத்தோடு விண்ணப்பிப்பது?

நாகர்கோவிலிலிருந்து காலைப் பாசஞ்சர். டிக்கெட் பத்து ரூபாய், பாறசாலைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஸ்டேஷனிலிருந்து அமரவிளை போகிற வழியில் ஒரு பழைய மிஷன் கோயில்; சர்ச்சை அங்கே கோயில் என்பார்கள். அதன் மச்சில் பல வருஷமாக மரநாய் இருப்பதாகக் கல்லூரித் தோழி சொல்லியிருந்தாள். ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டுநர் அஜி, எதற்கு வந்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னார்: "காட்டம் எடுக்கவா? எங்க வீட்டில ஒண்ணும் கிடையாது கேட்டியளா. பக்கத்து வீட்டில உண்டு." அங்கே எச்சத்துக்குக் காட்டம் என்று பேர்.

கோயில் வாசலில் ஸ்டெல்லா அக்கா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஜங்ஷனில் பேக்கரி வைத்திருக்கிறார், சபையின் பெண்கள் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். புதன்கிழமை போனில் அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன்: எதையும் தொட வேண்டாம், இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும்.

ஏணி வைத்து ஏறினேன். மச்சுப் பலகைகள் பளபளவென்று இருந்தன. மூக்கில் பிளீச்சிங் பவுடர் ஏறியது.

எச்சத்தின் மேல்பரப்பில் அந்த விலங்கின் குடல் செல்கள் ஒட்டியிருக்கும், எங்களுக்குத் தேவை அதுதான். பிளீச் பட்டால் டிஎன்ஏ போச்சு. ஆய்வகத்தில் மேசையில் ஒட்டியிருக்கும் பழைய டிஎன்ஏவை அழிக்க நாங்களே அதைத்தான் ஊற்றித் துடைப்போம். இறங்கி முடிப்பதற்குள் கத்திவிட்டேன். கோபம்தான், வேறென்ன.

"தொட வேண்டாம்னு சொன்னேனே அக்கா!"

"வாறவங்க எல்லாரும் அப்பிடித்தானே மோளே சொல்லுவினும்? ஒண்ணும் செய்யாண்டாம், சிரமப்படாண்டாம் எண்ணு. அதுக்காவ வெளியூர்ல இருந்து ஒரு ஆராய்ச்சிக்காரி வரும்போ கோயில அழுக்காட்டு போட முடியுமா? நாங்க ஆறு பேரு ரெண்டு நாளாட்டு கழுவினதாக்கும்."

எதிர்பார்த்தபடி நான் பாராட்டவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஏன் என்று விளக்கினேன். செப்டம்பரில் வேலை முடிவதையும் சொன்னேன். "சாயா குடி, பிறகு பாப்போம்" என்றார் அக்கா.

மத்தியானம் முழுக்க அவரே என்னை வீடுவீடாகக் கூட்டிப்போனார். எல்லா வீட்டிலும் ரம்புட்டான் தந்தார்கள், சாயா தந்தார்கள், காட்டம் மட்டும் தரவில்லை. "இஞ்ச இல்ல, அடுத்த வீட்டில உண்டு" என்பார்கள். அடுத்த வீட்டுக்குப் போனால் முந்தின வீட்டைக் கை காட்டுவார்கள். தெருவே இப்படித்தான். ஓட்டில் பழக்கொட்டையோடு எச்சம் கிடப்பது வாசலிலிருந்தே தெரிகிற ஒரு வீட்டில், "அது காக்கா போட்டது" என்றார்கள். காக்காய் அவ்வளவு போடுமா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். வீடு சுத்தமாக இல்லை என்று ஊர் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கவலை. என் கவலையைச் சொல்லி அதை ஜெயிக்க முடியவில்லை. ஒரு குப்பிகூட நிரம்பாமல் நெய்யாற்றின்கரை லாட்ஜுக்குப் போய்ப் படுத்தேன்.

ஞாயிறு காலை மழை. முதல் ஆராதனை தமிழில், இரண்டாவது மலையாளத்தில். தமிழ் ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசித்தபோது ஸ்டெல்லா அக்கா எழுந்தார். என்னைக் காட்டி, விஷயத்தைச் சொல்லி, யார் வீட்டில் மரநாய் உண்டோ கையைத் தூக்குங்கள் என்றார். ஒரு கையும் எழவில்லை. எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தேவையில்லாமல் இருமினார்.

அக்கா உட்காரவில்லை. "எங்க வீட்டு மச்சில உண்டு" என்றார். "ரெண்டு வருசமாட்டு உண்டு. நேத்தைக்கு இந்தப் பிள்ளைக்கிட்டகூட நான் சொல்லேல. பேக்கரிக்காரி வீட்டில மரநாய் எண்ணு ஆராவது சொல்லினா எனக்க கச்சவடம் என்னத்துக்கு ஆவும்? ஆரு கேக் வாங்குவினும்? ஆனா நாம கழுவிவிட்டது இந்தப் பிள்ளைக்க வேலையையாக்கும். இனி நீங்க சொல்லுங்க."

பக்கத்திலிருந்த நாத்தனார் அவர் சேலையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நேற்று இவரிடம்தானே கத்தினேன்.

பின்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். பிறகு ஒரு தம்பதி, அதிலும் மனைவி தூக்கிய பிறகு கணவர். வெளியே வருவதற்குள் ஒன்பது வீடு. ஆட்டோவில் ஏறினால் அஜி ரோட்டையே பார்த்துக்கொண்டு சொல்கிறார்: "அக்கா, நேத்து சொன்னது பக்கத்து வீடில்ல. எங்க வீடுதான்." பத்து வீடு ஆயிற்று. மழையில் ஓடுகளும் மதில்களும் வழுக்கின, ஒரு மச்சில் தேள் வேறு. மாலைக்குள் பதினாலு குப்பிகள் நிரம்பின.

போக நினைப்பவர்களுக்கு: பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை பத்து கிலோமீட்டர், அடிக்கடி பஸ் உண்டு, இருபது ரூபாய்க்குள் ஆகும். தங்க நெய்யாற்றின்கரைதான் வசதி, எனக்கு அறை தொள்ளாயிரம். ஜூலையில் குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். தமிழே போதும். மலையாளத்தில் ஆரம்பிப்பவர்களும் நம் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். என்னைப் போல மாதிரி எடுக்கப் போகிறவர்கள் வனத்துறை அனுமதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டிப் போன் மட்டும் பண்ணாதீர்கள்.

முடிவு போன வாரம் வந்தது. பதினொரு குப்பிகளில் நல்ல டிஎன்ஏ. சமவெளியில் இரு கரையும் ஒரே வம்சம். ஆறு எதையும் பிரிக்கவில்லை, வேறாக நிற்பவை அம்பூரி மலை மரநாய்கள்தான். இருக்கிறதை வைத்து எழுதியிருந்தால் மலை செய்த வேலையை ஆற்றின் தலையில் கட்டியிருப்பேன். பத்து வருஷத்தில் இவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் இல்லை. தலைவரிடம் சொல்வதற்கு முன்னால் ஸ்டெல்லா அக்காவுக்குத்தான் போன் போட்டேன்.

"அப்போ நம்ம மரநாய்க்கு அக்கரையிலயும் சொந்தம் உண்டு" என்று சிரித்தார். வியாபாரம் எப்படி என்று வற்புறுத்திக் கேட்டபிறகுதான் சொன்னார்: ஒரு கல்யாண கேக் ஆர்டர் போய்விட்டதாம். "போட்டும். மச்சில மரநாய் ஏறாம வலை அடிக்க ஒருத்தன் வந்தான், திருப்பி விட்டுட்டேன். உனக்கு இன்னும் வேணும் இல்லியா மக்கா? அடுத்த வருசம் வருவியா?"

செப்டம்பருக்குப் பிறகு எனக்கு ஆய்வகம் இல்லை, சம்பளம் இல்லை. விண்ணப்பம் போட்ட இடங்களிலிருந்து இன்னும் ஒரு பதிலும் இல்லை.

"வாறேன் அக்கா" என்றேன்.