கப்பலை அடையாளம் வைத்தேன்

கடலைப் பார்க்காத எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1979ஆம் வருஷம். காலை ஐந்தரை மணிக்குத் திருவண்ணாமலையில் பஸ் ஏறினேன். கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பாண்டிச்சேரி அறுபத்தைந்து மைல். டிக்கெட் ஐந்து ரூபாய் எழுபது காசு.

என் மகள் செல்விக்குப் பத்து வயசு. மல்லாட்டைச் செடியை அடித்து வேர்க்கடலை உதிர்க்கும்போது குச்சி தெறித்து வலது கண் மங்கிவிட்டது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து ஆறு நாள். அவள் அம்மா துணைக்கு இருந்தாள். அன்று மூன்று மணிக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். பார்வை வருமா வராதா என்று அப்போதுதான் தெரியும்.

இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். செல்வி என் கையைத் தடவிப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, படுத்துனு இருக்கறப்ப ஒரே இரைச்சல். கடலாம். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. ஆனா கட்டுப் பிரிக்கறதுக்குள்ள வந்துடணும். மொதல்ல உன்னைத்தான் பாப்பேன்."

"வந்துடறேன்மா" என்று சொல்லிவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரித் தெருவில் நேராக நடந்தால் பத்து நிமிஷத்தில் கடல். பிள்ளைகளே, ஏரி நிரம்பினாலும் அக்கரை தெரியும். இதற்கு அக்கரையே இல்லை. புயலில் உடைந்த பழைய பாலத்தின் இரும்புத் தூண்கள் மட்டும் தண்ணீரில் வரிசையாக நின்றன. முன்காலத்தில் கப்பல் சாமான் எல்லாம் அதன் மேல்தான் வந்ததாம். இப்போது கப்பல் தூரத்தில் நிற்கிறது, படகுகள் போய் மூட்டை இறக்கி வருகின்றன.

நம் ஊரில் வழி தவறுகிறவன் கிடையாது. தலையைத் தூக்கினால் மலை. மலை எந்தப் பக்கம் என்று தெரிந்தால் வீடு எந்தப் பக்கம் என்றும் தெரியும். அந்தப் பழக்கத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். நான் வந்த தெருவுக்கு நேர் எதிரே சிவப்புப் புகைபோக்கி வைத்த கப்பல் ஒன்று நின்றது. மலை அளவுக்கு இருந்தது. அதையே அடையாளம் வைத்துக்கொண்டு, கலங்கரை விளக்கம், மஞ்சள் சுவர் வைத்த வெள்ளைக்காரன் காலத்து வீடுகள் எல்லாம் பார்த்தபடி கரையோரமாகவே போனேன்.

இரண்டரைக்குத் திரும்பினேன். கப்பலுக்கு எதிரே இருந்த தெருவில் நுழைந்தேன். ஆஸ்பத்திரி இல்லை. அடுத்த தெருவும் அதே மஞ்சள் சுவர், அதே மூடிய கதவு. அந்த ஊரில் மதியம் கடையெல்லாம் சாத்திவிட்டுத் தூங்குகிறார்கள். கேட்க ஓர் ஆள் இல்லை. தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். வெறும் வானம். எங்கோ மூன்று மணி அடித்தது.

கடற்கரைக்கே ஓடினேன். படகு நிழலில் படுத்திருந்தவரிடம், கப்பலுக்கு எதிரே இருக்கிற ஆஸ்பத்திரித் தெரு எது என்று கேட்டேன்.

"கப்பலுக்கு எதிர்த் தெருவா? அது அப்பவே நங்கூரம் எடுத்துக்கினு வடக்கால போய் நிக்குதே. உனக்கு எந்த ஊரு?"

"திருவண்ணாமலைங்க."

"அதானே பாத்தேன்! கப்பல் இன்னா உங்க ஊரு மலையா, வச்ச எடத்துல நிக்க?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து வந்து ஆஸ்பத்திரித் தெரு முனை வரைக்கும் என்னோடு வேகமாக நடந்தார்.

வார்டில் நுழையும்போது மூன்றரை. கட்டுப் பிரித்தாகிவிட்டது. செல்வி இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அரை மணியா தொறக்க மாட்டேங்கறா" என்றார் நர்ஸ். "டாக்டர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டாரு."

"கடலைப் பாத்தீங்களா, இல்ல கடலுக்குள்ளயே போயிட்டீங்களா?" என்றாள் அவள் அம்மா. கண் கலங்கியிருந்தது.

"செல்வி, அப்பா வந்துட்டேன்."

நர்ஸ் அவளுடைய இடது கண்ணை அட்டையால் மறைத்தார். செல்வி மெல்லத் திறந்தாள்.

"புகையாட்டம் இருக்குப்பா. மீசை தெரியுது."

போகப் போகத் தெளியும் என்றார் திரும்பி வந்து பார்த்த டாக்டர். எவ்வளவு என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ஊருக்கு அனுப்பினார்கள். செஞ்சி வரை அவளுக்குக் கடலைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கப்பல் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். கீழ்பென்னாத்தூர் வந்ததும் சிரிப்பை நிறுத்தி, நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னலில் சாய்ந்தாள். பஸ் இரண்டு இடத்தில் நின்று புறப்பட்டது.

"மலை உச்சி கலங்கலாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா அங்கயேதான்பா நிக்குது."